பிள்ளை தல திரும்பலயா, குறுக்க கெடக்கா, முதுகு காட்டிட்டு கெடக்கா: நிறைமாசத்துலயும் வலி நேரத்துலயும் என்ன செய்யணும்

எனக்கு மொத பேறுகாலத்துல பிள்ளைக்கு தல கீழதான் இருந்துச்சு. எல்லா ஸ்கேன்லயும் "தல கீழ இருக்கு, நல்லாருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாவ, நாங்களும் அதோட நிம்மதியா இருந்துட்டோம். ஆனா வலி வந்தப்ப வயித்துல பெருசா ஒண்ணும் தெரியல, எல்லாம் குறுக்குலதான், குறுக்கெலும்ப உள்ள இருந்து யாரோ கம்பிய வச்சு நெம்புத மாதிரி, ஒரு வலி போயி அடுத்த வலி வருததுக்கு நடுவுலகூட அது விடல. 20 மணி நேரம் அப்படியே போச்சு. கடைசிலதான் டியூட்டி டாக்டரம்மா கை வச்சு பாத்துட்டு "பிள்ளை மேல பாத்துட்டு கெடக்கும்மா, அதான் இவ்வளவு குறுக்கு வலி"ன்னு சொன்னாவ. இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன், எனக்குதான் என்னமோ ஆகப்போகுதுன்னு நெனச்சுட்டு கெடந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு எங்க மைனிக்கு வேற மாதிரி, பிள்ளை வயித்துக்குள்ள உக்காந்துட்டு இருந்துச்சு, தல மேல. ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்ததுனால மொத தடவ உண்டாயிருக்க தங்கச்சிகளுக்கும், கூட தொணைக்கு போற அம்மைமாருக்கும் இத எழுதுதேன். உங்க டாக்டர் சொல்லுததுதான் முடிவு, ஆனா அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போனா பாதி பாரம் கொறையும்.

மொதல்ல, எப்படி எப்படி கெடக்கும்

பொதுவா பிள்ளை தல கீழ, மொகம் நம்ம முதுகப் பாத்து, அதோட முதுகு நம்ம வயித்துப் பக்கமா கெடந்தா அதுதான் லேசா எறங்கி வரும். அதுக்கு மாறா மூணு விதம் இருக்கு. ஒண்ணு, தல கீழதான், ஆனா பிள்ளையோட முதுகு நம்ம முதுகோட ஒட்டி, மொகம் நம்ம தொப்புளப் பாத்து. இத போஸ்டீரியர்னு சொல்லுவாவ, முதுகு காட்டிட்டு கெடக்குன்னு நான் சொல்லுததும் இததான், எனக்கு இருந்தது இதான். ரெண்டு, தல மேல, குண்டி இல்லன்னா காலு கீழ, இது பிரீச், ஊர்ல "பிள்ளை தல திரும்பல"ன்னு சொல்லுதது இதத்தான். மூணு, குறுக்க படுத்துக் கெடக்குதது, டிரான்ஸ்வர்ஸ். இந்த மூணாவதுதான் ரொம்ப கவனமா இருக்க வேண்டியது, ஏன்னு பெறகு சொல்லுதேன்.

ஏழாம் மாசத்துல பிரீச்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தா பதறாதீங்க. 28 வாரத்துல நாலு அஞ்சு பிள்ளைக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கும், உள்ள நீந்துததுக்கு எடம் இருக்கு, இன்னைக்கு ஒரு பக்கம் நாளைக்கு ஒரு பக்கம். நிறைமாசம் ஆகுதப்ப 100ல 3, 4 பிள்ளைதான் தல மேலயே இருக்கும். அதே மாதிரி முதுகு காட்டிட்டு கெடக்க பிள்ளைங்க, வலி தொடங்கும்போது 100ல 15ல இருந்து 30 வரைக்கும் இருக்கும், பொறக்கும்போது அப்படியே இருக்குதது 5 கிட்டதான், மத்ததெல்லாம் வலி நேரத்துலயே தானா சுத்தி வந்துரும்.

இது உங்க தப்பு இல்ல, இத நான் அழுத்திச் சொல்லுதேன். நீ குனிஞ்சு வேல பாக்கல, நீ புரண்டு புரண்டு படுத்த, நீ பைக்ல போன, அதான் பிள்ளை திரும்பலன்னு வீட்டுக்கு வருத ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லுவாவ. நஞ்சுக்கொடி கீழ இருந்தாலோ, கர்ப்பப்பைல கட்டி இருந்தாலோ, கர்ப்பப்பையோட அமைப்பே கொஞ்சம் வேற மாதிரி இருந்தாலோ, பனிக்குடத் தண்ணி ரொம்ப கூடியோ கொறஞ்சோ இருந்தாலோ, ரெட்டப் பிள்ளையா இருந்தாலோ பிள்ளை தல கீழ வந்து நிக்காம போகலாம். நெறைய பேருக்கு ஒரு காரணமும் இருக்காது.

ரிப்போர்ட்ட படிக்கது

ஸ்கேன் ரிப்போர்ட்ட வாங்கி பைக்குள்ள சொருகிட்டு வந்துராதீங்க, அதுல ரெண்டு வரி உங்களுக்கானது. "பிரசன்டேஷன்"னு ஒண்ணு இருக்கும், அதுல செபாலிக்னா தல கீழ, பிரீச்னா தல மேல, டிரான்ஸ்வர்ஸ் இல்லன்னா ஆப்ளிக்னா குறுக்க இல்லன்னா சாய்வா. அடுத்து "பிளாசென்டா"ன்னு ஒரு வரி, அதுல ஆன்டீரியர், போஸ்டீரியர்னு போட்டிருக்கும். இங்கதான் எல்லாரும் கொழம்புதாவ. பிளாசென்டா போஸ்டீரியர்னா நஞ்சுக்கொடி முதுகுப் பக்கமா ஒட்டியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், பிள்ளை முதுகு காட்டிட்டு கெடக்குன்னு இல்ல. எங்க சித்தி மக இத தப்பா படிச்சுட்டு ரெண்டு ராத்திரி தூங்காம கெடந்தா. பிளாசென்டா "லோ லையிங்" இல்லன்னா "பிரீவியா"ன்னு, அதாவது நஞ்சுக்கொடி கீழ கர்ப்பப்பை வாய்ப் பக்கம் இருக்குன்னு போட்டிருந்தா அது வேற விஷயம், அத கண்டிப்பா டாக்டர்கிட்ட கேக்கணும்.

வீட்டுல இருந்தும் ஓரளவு தெரிஞ்சுக்கிடலாம். விலாவுக்கு கீழ உருண்டையா கெட்டியா, சின்னத் தேங்காய் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டு, உதையெல்லாம் அடிவயித்துல மூத்திரப்பை பக்கம் விழுந்தா தல மேல இருக்கலாம். தொப்புளச் சுத்தி பள்ளமா இருந்து, உதை எல்லாம் முன்னாடியே, தொப்புள் பக்கமே விழுந்தா முதுகு காட்டிட்டு கெடக்கலாம். வயிறு மேல கீழ நீளாம பக்கவாட்டுல அகலமா இருந்தா குறுக்க கெடக்கலாம். இதெல்லாம் ஒரு யூகத்துக்குத்தான், உறுதியா சொல்லுதது ஸ்கேன்தான்.

36 வாரம் வந்தாச்சா, இப்ப வாயத் தொறந்து கேக்கணும்

நம்ம பக்கம் மொத பேறுகாலம் அம்மை வீட்டுலதான். வளைகாப்பு முடிஞ்சு சென்னைல இருந்தோ கோயம்புத்தூர்ல இருந்தோ அம்பாசமுத்திரத்துக்கும் வள்ளியூருக்கும் வருத பிள்ளைங்க எவ்வளவு பேரு. அங்க அஞ்சாறு மாசமா பாத்த டாக்டர் வேற, இங்க பாக்கப் போற டாக்டர் வேற. அதனால பழைய ஸ்கேன் எல்லாத்தையும், ரத்த குரூப் சீட்டோட, ஒரு கவர்ல போட்டு கொண்டு வந்துருங்க, வாட்ஸப்ல போட்டோ இருக்குன்னு விட்டுராதீங்க. வந்த ஒடனே ஊரு நர்ஸம்மாகிட்டயும் பதிஞ்சு வைங்க. மாசாமாசம் 9ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகள்ல கர்ப்பிணிகளுக்குன்னே டாக்டர் பாக்குத நாள் இருக்கு, அதையும் விடாதீங்க.

36 வாரத்துல போகுதப்ப கேக்க வேண்டியது: பிள்ளை தல எங்க இருக்கு, முதுகு எந்தப் பக்கம், தல எறங்கியிருக்கா, எறங்கலன்னா எப்ப மறுபடி பாப்பிய, பிரீச்சா இருந்தா வெளிய இருந்து திருப்பி விடுத வசதி இங்க இருக்கா, இல்லன்னா எங்க அனுப்புவிய. டாக்டரம்மா அவசரத்துல இருப்பாவ, வெளிய நாப்பது பேரு டோக்கன் வச்சுட்டு உக்காந்திருப்பாவ, அது தெரியும். அதனால துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போயி கைல குடுத்துருங்க. எங்க மைனி அப்படித்தான் பண்ணுனா, அவங்க சீட்ட வாங்கி ஒவ்வொண்ணா படிச்சு பதில் சொன்னாவ.

வீட்டுல பண்ணக்கூடியது

கை ரெண்டையும் முட்டி ரெண்டையும் தரைல ஊனி, மாடு நிக்குத மாதிரி நின்னு, முதுக லேசா மேல தூக்கி எறக்குதது, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பத்து நிமிஷம். நாற்காலில திருப்பி உக்காந்து, முதுகு சாயுத எடத்துல நெஞ்ச சாச்சுக்கிடுதது, மர நாற்காலியா பாத்துக்கிடுங்க, பிளாஸ்டிக் சேர் வழுக்கிரும். சோபால அப்படியே புதைஞ்சு மல்லாக்க சாயாம, கால் முட்டி இடுப்ப விட தாழ இருக்குத மாதிரி நிமிந்து உக்காருதது. படுக்கும்போது ஒருக்களிச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி. 28 வாரத்துக்கு மேல மல்லாக்க படுத்துத் தூங்காம இருக்குததும் நல்லது, நடுவுல முழிச்சுப் பாத்தா மல்லாக்க கெடந்தா பயப்படாம திரும்பிப் படுத்தா போதும். ஒருக்களிச்சபடியே புரண்டா கொடி சுத்திக்கிடும், எந்திரிச்சு உக்காந்துதான் திரும்பணும்னு ஆச்சிமாரு சொல்லுவாவ, கொடி அதனால சுத்தாது.

இதெல்லாம் பண்ணுனா பிள்ளை கண்டிப்பா திரும்பிருமான்னு கேட்டா, அப்படி சொல்ல முடியாது. கை முட்டி ஊனி நிக்குதத ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல, பொறக்கும்போது பிள்ளை கெடக்குத விதம் அதனால மாறுனதா தெரியல, ஆனா வலி நேரத்துல அப்படி நின்னவங்களுக்கு குறுக்கு வலி கொறைஞ்சிருக்கு. அந்த நேரத்துல அதுவே பெரிய வரம்தான். பண்ணுங்க, திரும்பலன்னா நாம சரியா பண்ணலயோன்னு மட்டும் நெனைக்காதீங்க.

வயித்த உருவ மட்டும் விடாதீங்க. எண்ணெய் போட்டு உருவி பிள்ளையத் திருப்புத ஆளு இருக்காவன்னு யாராவது வந்து சொல்லுவாவ. அந்தக் காலத்து மருத்துவச்சிமாரு கைல அனுபவம் இருந்துச்சு, அத நான் கொறச்சு சொல்லல, ஆனா நஞ்சுக்கொடி எங்க ஒட்டியிருக்கு, தண்ணி எவ்வளவு இருக்குன்னு கைக்குத் தெரியாது. அழுத்தி உருவுனதுல நஞ்சுக்கொடி பிரிஞ்சு ரத்தம் போனா உள்ள பிள்ளைக்கு மூச்சு நின்னுரும். வலி வர வைக்கேன்னு வெளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னாலும் வேண்டாம்னு சொல்லிருங்க.

டாக்டர் திருப்பி விடுதது

பிரீச் பிள்ளைய வெளிய இருந்து கையால திருப்புதத ஈசிவின்னு சொல்லுவாவ. மொத பேறுகாலம்னா 36 வாரத்துல இருந்தும், ரெண்டாவதுன்னா 37 வாரத்துலயும் பண்ணுவாவ. ஏறக்குறைய பாதிப் பேருக்கு திரும்பும், மொத பிள்ளைன்னா 100ல 40, அடுத்ததுன்னா 60 கிட்ட. 200 பேருல ஒருத்தருக்கு பிள்ளையோட துடிப்பு சரியில்லன்னு உடனே ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம், அதனாலதான் தியேட்டர் இருக்க பெரிய ஆஸ்பத்திரில மட்டும் பண்ணுதாவ. நஞ்சுக்கொடி கீழ இருந்தா, ரத்தப்போக்கு இருந்தா, பனிக்குடம் உடைஞ்சிருந்தா, ரெட்டப் பிள்ளைன்னா பண்ண மாட்டாவ. உங்க ரத்தம் நெகட்டிவ் குரூப்னா ஆன்டி டி ஊசி போட்டாவளான்னு கேட்டுக்கிடுங்க.

மைனிக்கு பண்ணுனப்ப நான் கூட இருந்தேன். மொதல்ல ஸ்கேன், பெறகு வயித்துல பெல்ட்ட கட்டி அரை மணி நேரம் துடிப்பு பாத்தாவ, கர்ப்பப்பை தளருததுக்கு ஒரு ஊசி. அப்பறம் வயித்துல ஜெல்ல தடவிட்டு டாக்டரம்மா ஒரு கையால பிள்ளையோட குண்டிய அடிவயித்துல இருந்து மேல தூக்கி, இன்னொரு கையால தலய மெதுவா கீழ நகட்டுனாவ. மைனி பல்லக் கடிச்சுட்டு என் கைய புடிச்சிருந்தா. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல, கைய எடுத்துட்டு மூச்சு விடச் சொன்னாவ, ரெண்டாவது தடவ வயிறு ஒரு பக்கமா புடைச்சு, கெண்டை மீனு தண்ணிக்குள்ள பொரளுத மாதிரி அப்படியே ஒரு சுத்து சுத்துச்சு. நாங்க கண்ணால பாத்தோம். மறுபடி அரை மணி நேரம் துடிப்பு பாத்துட்டுதான் விட்டாவ. 39வது வாரத்துல சொகப்பிரசவம்.

திரும்பலன்னா 39 வாரம் வாக்குல தேதி குறிச்சு ஆபரேஷன் சொல்லுவாவ. பிரீச்லயே கீழ வழியா பெறவும் முடியும், ஆனா அதுல கை பழகுன டாக்டர், பக்கத்துலயே தியேட்டர், எல்லாம் இருக்கணும். ஆபரேஷன்னு முடிவானா மனசு ஒடைஞ்சுராதீங்க. ஒண்ணு மட்டும், ஆபரேஷன் அன்னைக்கு காலைல மறுபடி ஒரு தடவ ஸ்கேன் வச்சு பாக்கச் சொல்லுங்க, கடைசி நேரத்துல திரும்பிருக்க பிள்ளைங்களும் உண்டு.

குறுக்க கெடந்தா 37 வாரத்துல இருந்தே ஆஸ்பத்திரில படுக்கச் சொல்லுவாவ. வீட்டுல எல்லாம் நல்லாத்தான இருக்கு எதுக்கு காசு புடுங்குதாவன்னு சொல்லி தட்டிக் கழிச்சுராதீங்க, காரணம் இதோ.

பனிக்குடம் உடைஞ்சா

தல கீழ இருந்தா அது ஒரு மூடி மாதிரி அடச்சுட்டு இருக்கும். குறுக்க கெடந்தாலோ காலு கீழ இருந்தாலோ அங்க எடைவெளி இருக்கும், தண்ணி உடைஞ்சு வருதப்ப தொப்புள்கொடி முன்னாடி நழுவி வந்துரலாம். கொடி நசுங்குனா பிள்ளைக்கு ரத்தம் போகாது, நிமிஷக் கணக்குதான். அதனால பிரீச், குறுக்கன்னு தெரிஞ்சவங்களுக்கு பனிக்குடம் உடைஞ்சா, வலி இருந்தாலும் இல்லன்னாலும் அந்த நிமிஷமே 108க்கு கூப்பிடுங்க. கூப்பிடும்போதே "பிள்ளை குறுக்க கெடக்கு, தண்ணி உடைஞ்சிருச்சு"ன்னு சொல்லுங்க. கீழ கொடி மாதிரி வழவழன்னு ஏதாவது தெரிஞ்சாலோ தட்டுப்பட்டாலோ, முட்டி போட்டு தலய தரைல வச்சு குண்டிய தூக்கி நிக்கணும், வண்டி வருத வரைக்கும் அப்படியே. வண்டில எடது பக்கமா ஒருக்களிச்சு படுத்து இடுப்புக்கு கீழ தலகாணி. கொடிய கையால தொட்டு உள்ள தள்ளக்கூடாது. பிள்ளையோட காலு வெளிய தெரிஞ்சா யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது.

கல்லிடைக்குறிச்சில இருந்தோ பாபநாசத்துல இருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரி 35 கிலோமீட்டருக்கு கொறையாது, மாஞ்சோலை மாதிரி மலைல இருந்து வரணும்னா இன்னும் எவ்வளவோ நேரம். அதனால பக்கத்துல ராத்திரிலயும் ஆபரேஷன் பண்ணுத சீமாங் சென்டர் (அவசரப் பிரசவம் பாக்குத அரசு ஆஸ்பத்திரி) எதுன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டு வச்சுக்கிடுங்க. மலைப் பக்கம் இருக்கவங்க கடைசி ரெண்டு வாரம் கீழ சொந்தக்காரங்க வீட்டுல வந்து தங்குததுதான் நல்லது.

குறுக்கு வலியோட வலி வந்தா

முதுகு காட்டிட்டு கெடக்க பிள்ளைன்னா வலி வந்து வந்து நிக்கும், ஒரு நாள் முழுக்ககூட அப்படி இழுக்கும், சூட்டு வலின்னு நெனப்பாவ. அந்த நேரத்துல சாப்புடுங்க, தூங்குங்க, சக்திய முன்னாடியே செலவழிச்சுராதீங்க. ஆஸ்பத்திரிக்கு போன ஒடனே "எனக்கு வலி எல்லாம் குறுக்குலதான், பிள்ளை எப்படி கெடக்குன்னு பாருங்க"ன்னு சொல்லிருங்க. எனக்கு இத சொல்லத் தெரியாம ஆறு மணி நேரம் மல்லாக்க படுத்துக் கெடந்தேன், யாரும் ஒருக்களிச்சுப் படுன்னு சொல்லல, மல்லாக்க கெடந்தா அந்த வலி ரெண்டு மடங்கு.

எங்கம்மை உள்ள வந்த பெறகுதான் மாறுச்சு. அரசு ஆஸ்பத்திரிலயும் பிரசவ அறைக்குள்ள தொணைக்கு ஒரு பொம்பள ஆள விடுவாவ, பயந்து நடுங்காத, உங்க மனசுக்கு புடிச்ச ஆளா பாத்து கூட்டிட்டு போங்க. அம்மை வந்து குறுக்குல கைய வச்சா, வளையல் உரசுது, நான் கத்துனேன். ஒடனே வளையலெல்லாம் முழங்கைக்கு மேல ஏத்தி விட்டுட்டு, உள்ளங்கையோட அடிப்பக்கத்த நடுக்குறுக்குக்கு கீழ, குண்டிக்கு சரியா மேல இருக்க அந்த எலும்புல வச்சு தன் ஒடம்பு எடையப் போட்டு அழுத்துனா. தடவல, அழுத்துனா. வலி ஏறுதப்ப அழுத்தி, எறங்குதப்ப கைய எடுத்து. அந்த ஒண்ணுலதான் நான் மூச்சு விட்டேன். தொணைக்கு போறவங்க இத வீட்டுலயே பழகிட்டு போங்க. இன்னொரு விதம், ரெண்டு கையாலயும் இடுப்பு ரெண்டு பக்கமும் புடிச்சு நடுவ பாத்து அமுக்குதது. கை அசந்தா, வெந்நீர்ப் பை இல்லன்னா வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்ச துண்டு, தோலு சுடாத சூட்டுல.

அரை மணிக்கு ஒரு தடவ மாத்துங்க: கட்டில புடிச்சு முன்னால சாஞ்சு நிக்கது, முட்டி போட்டு கட்டில்ல கவுந்து சாயுதது, எடது பக்கம் ஒருக்களிக்கது, வலது பக்கம். துடிப்பு பாக்குத பெல்ட் கட்டியிருந்தாலும் ஒருக்களிச்சுப் படுக்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் சரிம்பாவ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒண்ணுக்குப் போயிருங்க, மூத்திரப்பை நெறைஞ்சிருந்தா தல எறங்க எடம் இருக்காது.

இதுல இன்னொரு கஷ்டம், கர்ப்பப்பை வாய் முழுசா தொறக்குததுக்கு முன்னாடியே முக்கணும் போல இருக்கும், பிள்ளையோட பின்தல நம்ம மலக்குடல அழுத்துததுனால. அப்ப முக்கக்கூடாது, வெளக்கு ஊதி அணைக்குத மாதிரி சின்னச் சின்னதா மூச்ச ஊதி விடுங்க, நர்ஸம்மா சொன்ன பெறகு முக்குங்க. வலி தெரியாம இருக்க குறுக்குல போடுத எபிடூரல் ஊசி வசதி இருந்தா கேட்டு வாங்குததுல ஒரு தப்பும் இல்ல, அது போட்டா பிள்ளை மேல பாத்தபடியே வருதது கொஞ்சம் கூடுதலா இருக்கு, ஆனா 20 மணி நேரம் தூங்காதவளுக்கு செத்த தூக்கம் கெடைக்கும், அத ரெண்டையும் டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. வலி மங்குனா டிரிப் போடுவாவ. முழுசா தொறந்த பெறகும் திரும்பலன்னா டாக்டர் உள்ள கைய விட்டு தலயத் திருப்புவாவ, இல்லன்னா தலைல கப்ப வச்சு இழுக்குத வாக்குவம், இடுக்கி மாதிரி ஆயுதம், அதுவும் முடியலன்னா ஆபரேஷன். எனக்கு கையால திருப்பித்தான் எடுத்தாவ.

வலி நேரமோ முன்னாடியோ, பிள்ளை அசைவு கொறைஞ்சாலும், ரத்தம் போனாலும், தண்ணி பச்சையா வந்தாலும் காத்திருக்காம கெளம்பிருங்க.

பொறந்த பெறகு

முதுகு காட்டிட்டு வந்த பிள்ளைக்கு தல நீண்டு கூம்பு மாதிரி இருக்கும், வீட்டுல பாத்துட்டு பதறுவாவ. சில நாள்ல தானா உருண்டுரும், குளிப்பாட்டும்போது தலய அமுக்கி உருட்ட வேண்டாம்.

பிரீச்சா இருந்த பிள்ளைன்னா, திரும்பி வந்து சொகமா பொறந்திருந்தாலும், ஆபரேஷன்ல எடுத்திருந்தாலும், இடுப்பு மூட்டு சரியா உக்காந்திருக்கான்னு டாக்டர் பாக்கணும், ஆறு வாரம் வாக்குல இடுப்புக்கு ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொல்லுவாவ. வலி இல்லாத ஸ்கேன்தான். நம்ம வீடுகள்ல கால்ல போட்டு குளிப்பாட்டுதப்ப பிள்ளையோட காலு ரெண்டையும் நேரா நீட்டி உருவி இழுப்பாவ, பெறகு துணியால காலு அசையாம இறுக்கிச் சுத்துவாவ. இந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டும் கூடாது, காலு தவளை மாதிரி மடங்கி விரிஞ்சு கெடக்கட்டும், ஆச்சிகிட்ட கோவப்படாம டாக்டர் சொன்னாவன்னு சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல பிரீச்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, எழுதலன்னா எழுதச் சொல்லுங்க, ஆறாவது வாரம் பிள்ளை டாக்டர்கிட்ட போறப்ப அத காட்டணும்.